ஓரெழுத்துக் கட்டம்

எங்கள் பக்கத்தில் தொழிலுக்கும் ஆண், பெண் உண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆண்களுடையது. ஆழ்துளைக் கிணற்றுப் போர் போட வடக்கே போய் மாதக்கணக்கில் தங்கி, தீபாவளிக்கும் மாரியம்மன் நோன்பிக்கும் ஊர் திரும்புகிறவர்கள் ஆண்கள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் பிடிப்பவர்கள் ஆண்கள். நூல்மில் விடுதியில் அடைந்து கிடப்பவர்கள் பெண்பிள்ளைகள். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசிலும் பங்கு பிரித்துத்தான் இருக்கிறது: வெள்ளி உருக்குவதும் கம்பி இழுப்பதும் பட்டறைக்குள், ஆண் கையில், கண்ணி கோப்பது வீட்டில், பெரும்பாலும் பெண் கையில். பள்ளிபாளையத்துத் தறியில் மட்டும் இரண்டு பேரும் நிற்பார்கள். அதற்குக் காரணம் சமத்துவம் இல்லை, முன்பணக் கடன்.

இந்த ஏற்பாட்டுக்குள் தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது அதை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. "பொம்பளப் புள்ளைக்கு நல்லதுங்க, வெயில் படாத வேலை. மெக்கானிக்கல்னா கையெல்லாம் கிரீஸ் ஆகும்" என்று எங்கள் பெரியப்பா அப்பாவிடம் சொன்னார். அதே பெரியப்பா தன் மகனையும் கம்ப்யூட்டருக்குத்தான் அனுப்பினார். அவனுக்குச் சொன்ன காரணம் வேறு: பெங்களூரு, அப்புறம் அமெரிக்கா. ஒரே படிப்புக்கு இரண்டு காரணங்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போனால் இரண்டு காரணங்களும் ஒரே மேசை வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

இரண்டு காரணத்திலும் சேராதவர்கள் அந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே வந்தோம். நான் பெண்ணாகப் பதியப்பட்டவன், பெண்ணாக இருந்ததில்லை. இன்று என்னைத் திருநம்பி என்று சொல்லிக்கொள்கிறேன். எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவருக்கு நேர் எதிர்க் கதை. ஐடிஐ பட்டறையில் நடையையும் குரலையும் வைத்து அவரைப் படுத்திய பாட்டுக்குப் பிறகு, கம்ப்யூட்டர் அறை என்பது யாரும் தோளில் அடித்துப் பேசாத இடம் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. ஆண் செய்தாலும் பெண் செய்தாலும் யாரும் திரும்பிப் பார்க்காத படிப்பு அப்போது எங்கள் ஊரில் அது ஒன்றுதான்.

எங்களைப் போன்றவர்கள் கம்ப்யூட்டருக்கு வருவதைப் பற்றி அமெரிக்காவில் பேசுகிறவர்கள், அந்தத் துறையை ஆண்கள் கோட்டை என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். அந்தக் கோட்டைக்குள் பாலின வரையறைக்கு அடங்காதவர்கள் ஏன் இத்தனை பேர் என்று கேட்டு, தனிமை விரும்பிகள், கணக்கு மூளை என்று விடை சொல்கிறார்கள். சேலத்துக்கு அந்த விடை பொருந்தாது. இங்கே எந்தக் கல்லூரி கம்ப்யூட்டர் வகுப்பிலும் பெண்கள் வரிசை நிறைந்திருக்கும். கோட்டையே இல்லாத இடத்துக்குள் நுழைய எங்களுக்குத் தனி மூளை தேவைப்படவில்லை.

இன்னொன்றும் உண்டு. நாமக்கல் பள்ளி விடுதிகளைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள்: விடிவதற்கு முன் எழுப்பி, மதிப்பெண்ணைப் பிழிந்தெடுக்கும் இடங்கள். அங்கே முடியின் நீளம், துப்பட்டாவின் மடிப்பு, நடக்கும் விதம் எல்லாவற்றுக்கும் கண்காணிப்பு. ஆனால் மார்க் எடுக்கிற பிள்ளையை யாரும் அதிகம் நோண்டமாட்டார்கள். கெட்டிக்காரத்தனம் கவசமாகும் என்று அங்கேதான் படித்துக்கொண்டோம். பிறகு அந்தப் பாடத்தை அப்படியே தொழிலுக்குக் கொண்டுபோனோம். அது நல்ல பாடமா என்பது வேறு.

நான் எழுதுவது பெரிய மென்பொருள் இல்லை. ரிக் கம்பெனிகளுக்கு அடிக் கணக்கு, கோழிப் பண்ணைகளுக்கு முட்டைக் கணக்கு. சின்னக் கணக்கு என்று நினைத்து இறங்கியவர்கள் திணறிப் போவார்கள். முட்டைக்கு, முட்டை ஒருங்கிணைப்புக் குழுவான நெக் அறிவிக்கிற விலை ஒன்று, வியாபாரி அதிலிருந்து கழிக்கிற மைனஸ் இன்னொன்று. அட்டைக்கு முப்பது, உடைசல் தனி. ரிக் கணக்கில் முதல் 300 அடிக்கு ஒரு விலை, அதற்கு மேல் ஒவ்வொரு 100 அடிக்கும் விலை ஏறும். கேசிங் பைப்புக்கு வேறு விலை. ஒரு கம்பெனியின் பழைய புரோகிராமில், சரியாக 300 அடியில் நின்ற போர்களுக்கு மட்டும் பில் ஒத்துவரவே இல்லை. முந்நூறில் நின்ற போர் கீழ்ப்படியிலும் எண்ணப்பட்டு மேல்படியிலும் எண்ணப்பட்டது. ஓர் ஒப்பீட்டுக் குறியில் சமக்குறி ஒன்று கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். பல வருடமாக யார் யாரையோ திருடன் என்று சந்தேகப்பட வைத்த சமக்குறி. அதை எடுத்தபோது கிடைத்த சந்தோஷத்தை, இந்தத் தொழிலில் இல்லாதவருக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. எல்லையில் நிற்கிற எண்ணை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தீர்மானமாகச் சொல்லாவிட்டால், இயந்திரம் அதை இரண்டு பக்கமும் சேர்க்கும் அல்லது இரண்டிலும் விட்டுவிடும். எல்லைகளைப் பார்த்தால் என் கை தானாக அங்கே போய் நிற்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம்; அதை நான் ரொம்பத் தோண்டுவதில்லை.

வாடிக்கையாளர் அதையும் தோண்டுவதில்லை. என் முதல் ரிக் முதலாளி என்னைத் தலைமுதல் கால்வரை ஒருமுறை பார்த்தார். சட்டை, குட்டை முடி, குரல். கேட்க வந்ததை விழுங்கிவிட்டு, "புரோகிராம் ஓடுமா சாமி, அதச் சொல்லு" என்றார். சாமி, கண்ணு இரண்டும் எங்கள் பக்கத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அவர் இன்றுவரை வேறெப்படியும் என்னைக் கூப்பிட்டதில்லை.

எங்கள் துறையின் முன்னோடி ஆலன் டூரிங் 1950இல் மைண்ட் இதழில் எழுதிய கட்டுரையைப் பலரும் இயந்திரத்தால் சிந்திக்க முடியுமா என்ற கேள்விக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டுரை ஒரு விளையாட்டில்தான் தொடங்குகிறது. ஓர் அறையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். வேறு அறையில் இருப்பவர் கேள்வி கேட்பார். பதில் தட்டச்சில் வரும், குரல் கேட்காது. யார் பெண் என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். ஆண் அவரைக் குழப்பப் பார்ப்பார், பெண் உதவப் பார்ப்பார். இதற்குப் பிறகுதான் டூரிங் ஆணை எடுத்துவிட்டு அங்கே இயந்திரத்தை வைக்கிறார். தட்டச்சில் வரும் எழுத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியுமா என்பது இந்தத் துறையின் பிறப்போடு கூடவே பிறந்த கேள்வி. கேட்டவரை இங்கிலாந்து, ஆணோடு உறவு கொண்ட குற்றத்துக்காக 1952இல் தண்டித்து ஹார்மோன் ஊசி போட்டது. 1954இல், 41 வயதில், அவர் இறந்தார்.

அந்த விளையாட்டை நான் வாட்ஸப்பில் ஆடிக்கொண்டே இருக்கிறேன். எழுத்தில் பேசும்வரை எல்லாருக்கும் நான் சார். பிறகு போன் வரும், "மேடமா பேசறது?" என்பார்கள், அரை நிமிடம் தடுமாறுவார்கள். அதனால் புது வாடிக்கையாளர் என்றால், பில் சரியாக வந்து அவர் நிம்மதியாகும்வரை எழுத்திலேயே ஓட்டிவிட்டு அப்புறம்தான் போனை எடுக்கிறேன். இப்படி முகத்தையும் குரலையும் தள்ளிப்போட வசதி தருகிற தொழில் வேறெது? பலர் இதற்காகத்தான் வருகிறார்கள். இதை இந்தத் துறையின் பெரிய கொடை என்றும் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. லின் கான்வேயின் வாழ்க்கையைப் படித்த பிறகு இன்னும் இல்லை.

கான்வே 1964இல் ஐபிஎம்மில் சேர்ந்தவர். அங்கே நடந்த ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் திட்டத்தில், கட்டளைகளை எழுதிய வரிசையிலேயே செய்யாமல், தயாராக இருப்பவற்றை ஒரே நேரத்தில் பலவாக எடுத்துச் செய்யவைக்கும் வழியைக் கண்டார். பெண்ணாக மாறப்போகிறார் என்று தெரிந்ததும் 1968இல் நிறுவனம் அவரை வெளியேற்றியது. புதுப் பெயரில், பழைய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியாமல், ஒப்பந்தப் புரோகிராமராக அடியிலிருந்து தொடங்கினார். 1973இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகம். கார்வர் மீடுடன் சேர்ந்து அவர் எழுதிய சிப் வடிவமைப்புப் பாடநூல் 1980இல் வந்து, ஒரு தலைமுறைப் பொறியாளர்களுக்குச் சிப் வரையக் கற்றுக்கொடுத்தது. தன் கதையை அவர் வெளியில் சொல்லத் தொடங்கியபோது நூற்றாண்டே முடியப்போனது. ஐபிஎம் மன்னிப்புக் கேட்டது 2020இல். 2024 ஜூனில், 86 வயதில், அவர் காலமானார்.

இந்தக் கதையைத் திறமை எப்படியும் ஜெயிக்கும் என்பதற்கு உதாரணமாகச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். மன்னிப்புக்கு 52 வருடம் ஆகியிருக்கிறது. இடையில் தான் கண்டுபிடித்ததைத் தன்னுடையது என்று சொல்ல முடியாமல் பாதி வாழ்க்கை போயிருக்கிறது. எங்கள் தொழிலில் அனுபவம்தான் முதல். பழைய பெயரை மறைக்கிறவர் அந்தப் பெயரில் செய்த வேலையையும் சேர்த்து மறைக்க வேண்டியிருக்கிறது. ஒளிந்துகொள்ள இடம் கொடுப்பதும் ஏற்றுக்கொள்வதும் ஒன்றாகிவிடாது. ஒளியாமல் வேலை செய்தவர்களும் இருக்கிறார்கள்: இன்று உங்கள் கைப்பேசியில் ஓடும் ஆர்ம் சிப்புகளின் முன்னோடிக்கு எண்பதுகளில் கட்டளைத் தொகுதி வடிவமைத்த சோஃபி வில்சன், நிரல் எழுதிக்கொண்டிருந்து 2016இல் தைவான் அமைச்சரவைக்குப் போன ஆட்ரி டாங். ஆனால் அவர்கள் நின்ற இடம் வேறு, அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள் வேறு.

நம் பக்கத்தில் என்ன நடந்தது? கிரேஸ் பானு கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் டிப்ளமோ முடித்தவர். பிறகு அரக்கோணத்தில் ஒரு கல்லூரியில் மின்னியல் பொறியியல் சேர்ந்தார். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்த முதல் திருநங்கை அவர். அதன் பிறகு அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி, அடுத்து வருபவர்களுக்கு இட ஒதுக்கீடு கேட்டுப் போராடுவதில் போகிறது. இன்னொருவர் எங்கள் ஊர்க்காரர். சேலத்தில் பிறந்து வளர்ந்து பி.சி.ஏ. படித்த பிரித்திகா யாசினி. கம்ப்யூட்டர் படித்த சேலத்துத் திருநங்கைகளில் நாடே அறிந்த பெயர் அவருடையதுதான், ஆனால் அறியப்பட்டது போலீஸ் வேலைக்காக. சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு அவர் போட்ட விண்ணப்பம் தள்ளப்பட்டது. சான்றிதழில் இருந்த பெயரும் விண்ணப்பத்தில் இருந்த பெயரும் வேறு. படிவத்தில் அவருக்கான கட்டமும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2015 நவம்பரில் சாதகமான உத்தரவு வாங்கி, 2017 ஏப்ரலில் பக்கத்து மாவட்டமான தருமபுரியில் பணியில் சேர்ந்தார். திருநங்கைகளுக்கு நல வாரியம் வைத்த மாநிலம் இது, 2008இல். மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது 2014 ஏப்ரலில். அதற்குப் பிறகு வந்த தேர்வில் இது நடந்தது.

அந்த வழக்கைச் செய்தியில் படித்தபோது வக்கீல்கள் என்ன பார்த்தார்களோ, எனக்குத் தெரிந்தது ஒரு டேபிள். அதில் பெயர் என்ற கட்டத்தை, ஆளை அடையாளம் காணும் சாவியாக வைத்திருக்கிறார்கள். பால் என்ற கட்டத்துக்கு ஓர் எழுத்து இடம். அந்த எழுத்து இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும், காலியாக விடக்கூடாது. நான் அதுவரை எழுதிய எல்லா மென்பொருளிலும் இருந்த அதே கட்டம்.

கம்ப்யூட்டருக்கு ஆண், பெண் தெரியாது என்று எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்வார்கள். அதற்குத் தெரியாதுதான். நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம். ஆண் என்றால் 1, பெண் என்றால் 2, தெரியாவிட்டால் 0, பொருந்தாவிட்டால் 9 என்று சர்வதேசத் தரக் குறியீடே இருக்கிறது, ஐஎஸ்ஓ 5218. ஒன்றும் இரண்டும் உயர்வு தாழ்வைக் குறிக்கவில்லை என்று அந்தத் தரமே விளக்கமும் சொல்லிக்கொள்கிறது. ஆதாரில் தொடக்கத்திலிருந்தே மூன்றாவது எழுத்து இருந்தது. பான் விண்ணப்பத்தில் அது 2018 ஏப்ரலில்தான் வந்தது. நடுவில் ஆதாரையும் பானையும் இணை என்று உத்தரவு வந்துவிட்டது. ஒன்றில் ஓர் எழுத்து, மற்றதில் வேறு எழுத்து, இணைப்பு விழாது. இரண்டு படிவத்தையும் வடிவமைத்தவர்கள் யாரையும் வெறுத்திருக்க மாட்டார்கள். மூன்றாவது ஆள் வருவார் என்று நினைக்கவில்லை, அவ்வளவே.

பெயர் இன்னும் பெரிய சிக்கல். நிரல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கிட் என்ற ஏற்பாட்டில்தான் தங்கள் வேலையைச் சேமிக்கிறார்கள். ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒரு கைரேகை உண்டு. அந்த ரேகை நிரலை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுவதில்லை; எழுதியவர் பெயர், மின்னஞ்சல், நேரம், முந்தைய சேமிப்பின் ரேகை எல்லாம் சேர்ந்தது. பழைய சேமிப்பு ஒன்றில் பெயரில் ஓர் எழுத்தை மாற்றினால் அதற்குப் பிந்தைய அத்தனை ரேகையும் மாறும், கூட வேலை செய்கிற எல்லாருடைய நகலும் முறியும். வரலாற்றை யாருக்கும் தெரியாமல் திருத்த முடியாது என்பதுதான் அந்தக் கருவியின் பெருமை. பெயர் மாற்றிக்கொண்டவருக்கு அதுவே சுமை. இதற்கு மெயில்மேப் என்று ஒரு கோப்பு வைத்திருக்கிறார்கள்: இந்தப் பழைய பெயரைக் கண்டால் அந்தப் புதுப் பெயரைக் காட்டு என்று அதில் எழுதிவைக்கலாம். பட்டியலில் எல்லாம் புதுப் பெயர் வரும். கோப்பைத் திறந்தால் பழைய பெயர் பச்சையாக அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

இப்போது என் டேபிள்களில் ஆளுக்கு ஓர் எண் மட்டும். அந்த எண் ஒருபோதும் மாறாது, அதற்கு அர்த்தமும் கிடையாது. பெயர்கள் வேறு டேபிளில்: எந்தப் பெயர், எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை, எந்தத் தாளில் இப்படி இருக்கிறது. பில் இன்றைய பெயரில் அச்சாகும். பழைய பெயரைப் பார்க்க அனுமதி வேண்டும், பார்த்தவர் யார் என்பது பதிவாகும். என்னைப் போன்றவர்களுக்காகத்தான் இதை இப்படி அமைத்தேன். ஆனால் ரிக் கம்பெனியில் இது அதிகம் உதவியது லாரி டிரைவர்களுக்கு. லைசென்சில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், பேங்க் பாஸ்புக்கில் மூன்றாவது. அப்புறம் ஆபீசில் இருக்கும் பெண்களுக்கு. கல்யாணமானால் அப்பா இனிஷியல் போய் வீட்டுக்காரர் இனிஷியல் வரும், சில வீட்டில் வராது, சில வீட்டில் வந்து திரும்பப் போகும். என் பெயர் மாறியபோது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: இனிஷியலை மாற்றாதே என்று. மாற்றவில்லை.

பால் கட்டத்தை நான் வைப்பதே இல்லை, அரசுப் படிவம் கேட்டாலொழிய. வைக்கச் சொல்கிறவரிடம் இந்த எழுத்தை வைத்து என்ன கணக்குப் போடப் போகிறீர்கள் என்று கேட்பேன். பாதிப் பேருக்குப் பதில் இருக்காது. பழைய படிவத்தில் இருந்ததுங்க, அதான் என்பார்கள்.

என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு நிரல் பயமில்லை. சான்றிதழ்தான் பயம். 2019இன் திருநர் உரிமைச் சட்டப்படி கலெக்டர் கொடுக்கும் அடையாளச் சான்றிதழுக்கு 2020 நவம்பரிலிருந்து இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதை வாங்கிக்கொண்டு மார்க் ஷீட்டில் பெயர் மாற்றப் போனால், படித்த இடத்தில் இழுத்தடிப்பார்கள். வேலை கிடைத்தபின் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் என்று ஒன்று வரும். பெயரையும் பெயரையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆட்கள். அதையும் தாண்டி பெங்களூரு போனால், அங்கே ஆண்கள் பி.ஜி. விடுதி உண்டு, பெண்கள் பி.ஜி. விடுதி உண்டு. ஒரு பையன், அவனை அப்படித்தான் சொல்ல வேண்டும், மூன்று சுற்று இன்டர்வியூவும் தேறி, தங்க இடம் கிடைக்காமல் ராசிபுரத்துக்கே திரும்பி வந்தான். இப்போது வீட்டிலிருந்தே வேறொரு கம்பெனிக்கு எழுதுகிறான், நன்றாகவே எழுதுகிறான். வீட்டில் இருப்பது அவன் தேர்ந்தெடுத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

போன வாரம் ஒரு பண்ணைக்காரர் போனில், கூலிக் கணக்குக்கு ஆண்/பெண் என்று ஒரு கட்டம் கேட்டார். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். இவரிடம் பதில் இருந்தது.

"பொம்பளக் கூலி வேறங்க. அது தெரியாம எப்படிக் கணக்குப் போடறது?"

சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்தது என்று சொன்னேன். அவர் சட்டம் கேட்கவில்லை, கட்டம் கேட்டார். "வேலைக்கு விலை போட்டுத் தரேங்கண்ணா. முட்டை பொறுக்க ஒரு விலை, தீவனம் இறக்க ஒரு விலை, எரு அள்ள ஒரு விலை. யார் என்ன வேலை செஞ்சாங்கன்னு போட்டா கூலி தானா வரும்" என்றேன்.

"ஆம்பள முட்டை பொறுக்கினா?"

"அதே விலைதானுங்க."

"பொம்பள மூட்டை இறக்கினா?"

"இறக்குற விலைதான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் கோழிகள் மட்டும் கேட்டன. "அப்பச் செலவு ஏறுமே சாமி" என்றார். ஏறும் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். மாதக் கடைசி வருகிறது, பழைய புரோகிராம் அவரிடம் ஓடவில்லை, எப்படியும் கூப்பிட்டாக வேண்டும். விலைப் பட்டியல் டேபிளைத் தயாராகத்தான் வைத்திருக்கிறேன். எரு அள்ளும் விலையை மட்டும் அவரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.